நான் கையெழுத்துப் போடாத மனு

நித்யா பாப்பா,

பெறுநர் என்ற இடத்தில் கலெக்டர், தாசில்தார், ஆணையர் என்று எழுதியே பழகிய கை இது. உன் பெயரை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இருபத்தாறு வருடமாக கலெக்டர் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன் நான். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை நம் வாசலுக்குத் திருப்பிவிட்டது, எதுவானாலும் பத்து நிமிடத்தில் 'ஐயா அவர்களின் மேலான கவனத்திற்கு' வந்துவிடும். சொந்த மகளுக்கு எழுத உட்கார்ந்தால் பேனா நகரமாட்டேன் என்கிறது. உன் அம்மா தறியை நிறுத்தாமல் உள்ளேயிருந்தே குத்துகிறாள்: "ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கறியே, பெத்த பொண்ணுக்கு எழுத வரலியா? எழுதுய்யா." அவளுக்கு நேற்றுதான் விஷயத்தைச் சொன்னேன். அதிலிருந்து என்னிடம் பேசுவதெல்லாம் இந்த மாதிரிதான்.

நாளைக் காலை பதினோரு மணிக்குச் சென்னையில் உங்கள் கோச்சைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாநிலப் பெண்கள் ரக்பி அணிக்கு அவரைப் பயிற்சியாளராகப் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டம். அவருக்கு உதவிப் பயிற்சியாளராக உன் பெயரும் அதே தாளில் இருக்கிறது. அவர்மேல் பழைய புகார் ஒன்று கோப்பில் கிடக்கிறதாம், அதற்கு விளக்கம் கேட்கிறார்களாம் என்று போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது சொன்னாய். சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நைனா, நீதான் சூப்பரா எழுதுவியே, கோச்சுக்காக ஒரு மனு எழுதிக் குடேன்" என்றாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். உன் அம்மாகூட, "இன்னாய்யா அவ்ளோ நேரம் பிசையற, கூழாயிடப் போவுது" என்றாள். அந்தப் பழைய புகாரை எழுதியவன் நான்தான், பாப்பா.

இந்தத் தாளைக் கிழித்துவிடத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி. இது உனக்கு மட்டும் எழுதும் கடிதமும் இல்லை. அன்றைக்கு அந்த மனுவில் கையெழுத்துப் போட்ட பதினேழு வீட்டுக்கும் இதன் நகல் போகப் போகிறது. அப்படிச் செய்யச் சொன்னது யார் என்பது பின்னால் வரும். எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், தொழில் புத்தி.

ஏழு வருடத்துக்கு முன்னால் உங்கள் கோச் மோசஸ் ஒச்சியெங் கென்யாவிலிருந்து நம் ஏனாத்தூர் காலேஜுக்கு விளையாட்டுப் படிப்பு படிக்க வந்தார். ஏரிக்கரையில் உள்ள கிசுமு என்ற ஊர்க்காரர். அங்கே ரக்பி ஆடி, முட்டி உடைந்து, இனி ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட மனிதர். நான் அவரை முதலில் பார்த்தது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். எனக்குக் கண்ணாடி கிளாஸில் டீ வந்தது, அவருக்குப் பேப்பர் கப்பில். பக்கத்தில் நின்ற எல்லோர் கையிலும் கிளாஸ். அவர் என் கிளாஸைப் பார்த்தார், தன் கப்பைப் பார்த்தார், குடித்துவிட்டுப் போனார். நான் என் டீயைக் குடித்து முடித்தேன். நியாயம்தானே என்றுகூட நினைத்திருப்பேன். வீடு தேடி அவர் பட்ட பாடு நீ சொல்லித்தான் தெரியும். ஒரு வீட்டில் சைவம் மட்டும்தான் என்றார்கள், அடுத்த வீட்டில் குடும்பத்துக்கு மட்டும் என்றார்கள், மூன்றாவது வீட்டில் வாடகைப் பலகையையே அவர் கண்ணெதிரில் கழற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கடைசியில் உன் கூட்டாளி எஸ்தரின் அப்பா திருப்புட்குழியில் தன் மாடியறையைக் கொடுத்தார். காலனியில் ஒரு வெளிநாட்டுக்காரன் தங்கியிருக்கிறானாம் என்று என் மேசைக்கு வந்தவர்கள் அதையும் ஒரு குற்றமாகப் பேசினார்கள்.

அப்போது நீ காலேஜ் முதல் வருடம். ஏனாத்தூர் மைதானத்தில் நீங்கள் கபடி ஆடியதை அவர் மூன்று நாள் ஓரமாக நின்று பார்த்தாராம். நாலாம் நாள் முட்டை மாதிரி ஒரு பந்தைக் கொண்டுவந்து, "ஆளைப் பிடிச்சு விழவைக்கத் தெரியுது. பாதி ரக்பி உங்களுக்கு வந்துடுச்சு" என்று இங்கிலீஷில் சொன்னாராம். நம் மாவட்டத்தில் அதுவரை பெண்கள் ரக்பியே கிடையாது. கறுப்பினத்தவர் ஒருவர் இங்கே விசில் மாட்டிக்கொண்டு எந்த ஆட்டத்துக்கும் நின்றதும் கிடையாது. நீ வீட்டுக்கு வந்து, முன்னால் ஓடுகிறவள் பந்தைப் பின்னால்தான் கொடுக்க வேண்டும் என்று விளக்கியபோது உன் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆறு மாதத்தில் அவருக்குத் தமிழ் வந்துவிட்டது, அதுவும் புத்தகத் தமிழ் இல்லை. "இன்னாத்துக்கு மா நின்னுக்கினு இருக்கிற? பந்து வந்துக்கினு இருக்குது பாரு!" என்று அந்த ஏழு அடி மனிதர் கத்தினால் மைதானத்து மாடுகள்கூடத் திரும்பிப் பார்க்கும். உன்னிடமிருந்து கற்றுக்கொண்டு என்னையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார்.

இனி மனுவுக்கு வருகிறேன். உங்கள் ஆட்டத்தில் மூன்று பேர் தோளோடு தோள் பின்னிக் குனிந்து எதிராளி மூன்று பேரை முட்டித் தள்ளும் கட்டம் ஒன்று இருக்கிறதே, ஸ்க்ரம். நடுவில் எஸ்தர். வலப்பக்கம் நீ. இடப்பக்கம் மேலத் தெரு தணிகாசலத்தின் மகள் பிரியா. யார் எந்தத் தெரு, யார் தோளில் யார் கை படலாம் என்பதெல்லாம் இந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். மோசஸுக்குத் தெரியாது. யாரோ போய்ச் சொன்ன பிறகும் அவர் ஆளை மாற்றவில்லை. பந்தைக் காலால் யார் நன்றாக இழுக்கிறாளோ அவள்தான் எனக்கு நடுவில் வேண்டும் என்றாராம். ஒரு திங்கட்கிழமை தணிகாசலமும் இன்னும் நாலு பேரும் என் மேசைக்கு வந்தார்கள். "காலனிப் பொண்ணு என் பொண்ணு கழுத்த கட்டிக்கினு நிக்குது. ஒரே கேன்ல தண்ணி குடிக்குதுங்க. தெருவுல தலை காட்ட முடியலபா" என்றார் தணிகாசலம். அதை எழுத முடியாது, எழுதினால் கேஸ் உங்கள் மேலேயே திரும்பும் என்று நான் சொன்னேன். "அப்போ வேற எதனா எழுதுபா. ஆட்டம் நிக்கணும், அவ்ளோதான்" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. மனு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர வேண்டுமானால் அதில் கனமான வரி ஒன்று இருக்க வேண்டும். அந்த வரியை 'தெரிய வருகிறது' என்று முடித்துவிட்டால் யார் சொன்னது, யாருக்குத் தெரிந்தது என்று எவனும் கேட்கமாட்டான். சாக்கடைத் தகராறுக்கும் இப்படி ஒரு வரி போட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் போட்ட வரி இது: 'மேற்படி வெளிநாட்டு நபர் போதைப்பொருள் பழக்கம் உள்ளவர் என்றும், அதை மாணவியரிடையே பரப்ப முயன்று வருகிறார் என்றும் தெரிய வருகிறது.' யாரும் அதை என்னிடம் சொல்லவில்லை. வந்தவர்களில் ஒருவர்கூட. படித்துக் காட்டியபோது தணிகாசலமே தயங்கினார். "நெஜமாவாபா?" என்றார். "ஆப்பிரிக்காக்காரன்தானே, நம்புவாங்க" என்றேன் நான். இந்த வாய்தான் சொன்னது. பதினேழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். எழுதுகிறவன் பெயர் எந்த மனுவிலும் வராது, எனவே என் பெயர் அதில் இல்லை.

தணிகாசலம் கேட்டார், நான் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்கும் அந்த ஆட்டம் நிற்க வேண்டியிருந்தது. நீ அரைக்கால் சட்டையோடு பஸ்ஸில் வருவதை யார் யாரோ பார்த்துச் சொன்னார்கள். வெயிலில் ஆடிக் கறுத்துப் போனாய், மூக்கில் தழும்பு வேறு, எவன் வந்து கட்டுவான் என்று பயந்தேன். 'போகாதே' என்று உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் நீ சண்டை போடுவாய், சண்டையில் நான் தோற்பேன். அதனால் உன்னைத் தடுக்காமல் ஆட்டத்தையே நிறுத்தப் பார்த்தேன். காலையில் உன்னை பஸ் ஏற்றிவிட்டு மத்தியானம் அந்த மனுவை எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, பாப்பா, எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வரி நன்றாகவே வேலை செய்தது. பதினைந்து நாளில் விசாரணைக்குப் போலீஸ் வந்து எஸ்தர் வீட்டு மாடியறையைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று மைதானக் குழுவினர் உத்தரவு போட்டார்கள். எட்டு மாதம். ஆட்டம் நின்றுவிடும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவரோ மறுநாள் சாயங்காலம் மதிலுக்கு வெளியே, ரோட்டில், கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ரோடு குழுவினருடையது இல்லையே. மதில் உயரம், அவர் அதைவிட உயரம். விசில் ஊதக்கூடாது என்றார்கள். வண்டிக்காரரிடம் எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு தட்டு தட்டினால் ஓட வேண்டும், இரண்டு தட்டினால் திரும்ப வேண்டும். மழையில் குடை பிடித்துக்கொண்டு தட்டினார். ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுப் போவான், அவர் பார்வை மதிலைத் தாண்டி உங்கள் மேலேயே இருக்கும். நான் பஸ்ஸிலிருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஒருநாள் மொட்டைத் தலையோடு நின்றார். "இன்னா, உங்க கோச் திருப்பதி போய்ட்டு வந்தாரா?" என்று வீட்டில் உன்னைக் கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை. "அந்த மனுவ எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னு வை" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய்.

விசாரணையில் ஒன்றும் இல்லை என்று முடிந்தது, அவரை உள்ளே விட்டார்கள். ஆனால் மனு விளையாட்டுத் துறைக் கோப்பிலேயே தங்கிவிட்டது. அடுத்த மாதம் வேறொரு மாவட்டத்தில் உங்களுக்கு ஆட்டம். துணைக்குப் பெரியவர் ஒருவர் வரவேண்டும் என்றார்கள், உன் அம்மா என்னைப் பிடித்துத் தள்ளி வேனில் ஏற்றினாள். கேட்டில் இருந்தவன் உங்களை எல்லாம் உள்ளே விட்டுவிட்டு அவரை மட்டும் நிறுத்தி, "டிரைவருங்க வெளிய நிக்கணும்" என்றான். அவர் தான்தான் கோச் என்ற கடிதத்தைக் காட்டினார். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "நீங்கதான் கோச்சா சார்?" என்றான். இருபது நிமிடம் கழித்து உள்ளே வந்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. கூட்டம் குரங்கு மாதிரி சத்தம் போட்டது. வாழைப்பழத் தோல் வந்து அவர் காலடியில் விழுந்தது. அதோடு நிற்கவில்லை. "கஞ்சா! கஞ்சா!" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். நூறு கிலோமீட்டர் தாண்டி, எனக்கு யாரென்றே தெரியாத வாய்கள் என் வரியைக் கத்திக்கொண்டிருந்தன. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தாய்.

அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைப் பார்த்தேன். கோபம் வராத மகான் ஒன்றும் இல்லை அவர். கை முஷ்டியாக இருந்தது, அதைப் பிரிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தோலைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, இடைவேளையில் உங்களைச் சுற்றி நிற்கவைத்து அவர் சொன்னதை நான் இரண்டடி தூரத்திலிருந்து கேட்டேன். "எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருக்காங்க. அவங்க டீம் பொண்ணுங்ககூட என்னத்தான் பாக்குதுங்க. நல்லது. நான் வலது பக்கக் கோட்டு ஓரமா நடந்துக்கினே இருப்பேன். இடது பக்கம் காலியாயிடும். பந்த அங்க கொண்டு போ மா." சொன்ன மாதிரியே வலது ஓரமாக நடந்தார். கூட்டம் அவர் பின்னாலேயே ஊளையிட்டுக்கொண்டு போனது. நீங்கள் இடது பக்கமாக மூன்று முறை ஓடி, மூன்று முறையும் எதிராளி கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுத்தீர்கள். எனக்கு ரக்பி தெரியாது. ஆனால் தன்மேல் எறிந்த கல்லை எடுத்துத் தன் பிள்ளைகளுக்குப் படி கட்டிக் கொடுத்த ஒரு ஆளை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த வருடம் அதே அணி இங்கே வந்தது. ஆட்டம் முடிந்ததும் ஊர்க்காரர்கள் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், இரண்டு அணியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது ரக்பியின் வழக்கமாம். அவர் அதை விடவே மாட்டார். உன் அம்மா மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் காஞ்சிபுரம் இட்லி அவித்தாள். நீயும் பிரியாவும் பரிமாற மாட்டோம் என்று முறைத்துக்கொண்டு நின்றீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "கிரவுண்டுல புடிச்சு கீழ தள்ளு. இலையில இன்னொரு இட்லி வை. ரெண்டும் ஆட்டம்தான்" என்று சொல்லி வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அந்த அணியின் கோச் தலை நிமிராமல் சாப்பிட்டார். போகும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் உன் அம்மாவும் வாயை விட்டாள். "இன்னா கலரா இருந்தா தெரியுமா சார் எம்பொண்ணு, இப்போ பாருங்க எப்படிக் கறுத்துப் போயிட்டா" என்று சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "நானும் சின்ன வயசுல வெயில்ல ஆடினேன் மா, இப்படி ஆயிட்டேன்" என்றார். எஸ்தர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். மறுநாளிலிருந்து உன் அம்மா உன் முகம் வெளுக்கப் பயத்தமாவு குழைப்பதை விட்டுவிட்டாள், கவனித்தாயா?

தணிகாசலம் கடைசிவரை வரமாட்டார் என்று நினைத்தேன். அவரும் வந்தார் அந்தச் சாப்பாட்டுக்கு. ஒரு ஓரமாக உட்கார்ந்து, எஸ்தர் கொண்டுவந்து வைத்த இட்லியைச் சாப்பிட்டார். ரொம்ப நேரம் இலையைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார், ஆனாலும் சாப்பிட்டார். மோசஸ் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. தோளைப் பின்னு என்றார், பின்னினீர்கள். சேர்ந்து சாப்பிடு என்றார், சாப்பிட்டார்கள்.

நீ இனி இருபது பெண்களுக்குப் பொறுப்பாகப் போகிறாய். நாளைக்கு ஒரு பெண்ணைப் பற்றிக் குழுவுக்கு எழுத வேண்டி வரும், ஒருத்தியை நீக்கச் சொல்லி, ஒருத்தியைச் சேர்க்கச் சொல்லி. அப்பா சொல்வதில் ஒன்றே ஒன்றையாவது எடுத்துக்கொள். உன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. பார்க்காததை எழுதாதே. சந்தேகம் என்றால் உன் சந்தேகம் என்று எழுது, உன் பெயரைப் போடு. பெயரில்லாமல் எழுதும்போது கை எவ்வளவு துணிந்து போகும் என்பது எனக்குத் தெரியும். அப்புறம், உன் வீட்டில் யார் எந்தப் பெண்ணுடைய தெருவைக் கேட்டாலும் பதில் சொல்லாதே. நான் கேட்டாலும்தான்.

நீ மனு கேட்டுவிட்டுப் போன பிறகு மூன்று வாரம் இழுத்தடித்தேன். அவரைப் புகழ்ந்து மூன்று பக்கம் எழுதினேன், நன்றாகத்தான் வந்தது, கிழித்துப் போட்டேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் ஏனாத்தூருக்குப் போனேன். சின்னப் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். "வாங்க நைனா!" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். நான் கையைக் கொடுக்காமல் சொல்லிவிட்டேன். அந்தப் புகார் நான் எழுதினது என்றேன். நீட்டின கை அப்படியே நின்றது. "கையெழுத்துல உங்க பேரு இல்லியே" என்றார். எழுதுகிறவன் பேர் வராது என்றேன். "அந்தப் போதை மேட்டரு, அது யாரு சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானாகப் போட்டு, கையெழுத்துப் போட்டவர்களுக்குப் படித்துக் காட்டியது என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "எட்டு மாசம் வெளிய நின்னேன். அது பரவால்ல. நடுவுல எங்க அப்பா செத்துட்டாரு. பாஸ்போர்ட்டு அவங்ககிட்ட. போவ முடியல. தம்பி போன்ல காட்டினான், குழியில மண்ணு போடறத. எங்க ஊர்ல அப்பா செத்தா தலை மழிப்போம். எஸ்தர் அப்பாதான் பிளேடு வாங்கினு வந்து மழிச்சு விட்டாரு." பாப்பா, நான் கிண்டல் செய்த மொட்டை அது. மன்னிச்சுடுங்க என்றேனோ என்னவோ, வாய்க்குள்ளேயே போய்விட்டது. அவர் திரும்பி நடந்து போய் விசிலை ஊதினார். முழுதாக ஒன்றரை மணி நேரம் பயிற்சி நடத்தினார். நான் மதிலோரம் நின்றேன். எல்லாப் பெண்களும் போன பிறகு என்னிடம் வந்தார். "மன்னிப்பெல்லாம் அப்புறம் சார். அது எப்போ வரும்னு எனக்கே தெரியாது" என்றார். நைனா இல்லை, சார். "பொய்ய பதினேழு வீட்டுக்குப் படிச்சுக் காட்டினீங்க இல்ல? நெஜத்தையும் அதே பதினேழு வீட்டுக்குச் சொல்லுங்க. உங்க பேரப் போட்டுச் சொல்லுங்க. நித்யாவுக்கு நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

கூட்டத்துக்குக் கொடுக்க மனுவும் எழுதிவிட்டேன். அனுப்புநர் என்ற இடத்தில் முதன்முதலாக என் பெயர், என் அப்பா பெயர், நம் கதவு எண். பொருள்: முன்பு அளிக்கப்பட்ட மனுவில் உள்ள பொய் குறித்து. நாளைக் கூட்டத்துக்கு நானும் நேரில் வருகிறேன் என்று தகவல் கொடுத்து, வரலாம் என்று பதிலும் வந்துவிட்டது. அங்கே எழுந்து நின்று, அந்த வரி பொய், அதைக் கட்டியவன் நான், கையெழுத்துப் போட்டவர்கள் அதைச் சொல்லவில்லை, அவர்கள் சொன்னது வேறு என்று வாயால் சொல்லப் போகிறேன். அந்த 'வேறு' என்ன என்று கேட்டால் அதையும் சொல்வேன். என்மேல் கேஸ் போடலாம் என்று வக்கீல் ஒருவர் சொன்னார், போடட்டும். என் மேசைக்கு இனி யாரும் வராமல் போகலாம். தெருவில் பேசுவார்கள். உன் கல்யாணப் பேச்சில்கூட இது வரும், அதற்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இத்தனைக்கும் பிறகு அவருக்கு அந்த வேலையைக் கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. கொடுக்காவிட்டால் அது என் வரியால்தான் என்பது மட்டும் தெரியும்.

கூட்டத்தில் இதை முதன்முதலாகக் கேட்டு, அத்தனை பேருக்கு நடுவில் உன் முகம் மாறக்கூடாது என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன். எஸ்தரும் அவருக்குச் சாட்சி சொல்ல வருகிறாள், மூன்று மணி பஸ்ஸில் கிளம்பி ராத்திரி உன் ஹாஸ்டலில்தான் தங்குகிறாளாம். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. வழியில் அவளும் படிக்கட்டும், உனக்கு முன்னால் படிக்க வேண்டியவள் அவள்தான். உன் அம்மா இட்லி கட்டிக் கொடுக்கிறாள், உனக்கு, எஸ்தருக்கு, கோச்சுக்கு, மூன்று பேருக்கு என்று சொல்லச் சொன்னாள். அந்த மூன்று பேரில் நான் இல்லை.

நாளைக்கு நான் உள்ளே வரும்போது நீ என்னைப் பார்ப்பாய். எவ்வளவு கோபம் இருந்தாலும், அப்பன் தனியாக நிற்கிறானே என்று உனக்கு மனசு இளகும். நீ அப்படிப்பட்டவள். இளகட்டும், ஆனால் எழுந்து என்னிடம் வந்துவிடாதே. நான் பேசி முடிக்கும்வரை நீ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திரு, பாப்பா.

உன் அப்பா